மார்கழிக் குளிரும் வெளுக்கும் விரல்களும்

வடக்கே குடியேறிய நம்மவர்களுக்கு மார்கழி வந்தால் இரண்டு வேலை. ஊர் வழக்கப்படி விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். டில்லி வழக்கப்படி நடுங்கவும் வேண்டும். நம் ஊரில் மார்கழிப் பனி என்றால் போர்வையைக் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொள்ளும் சுகம், அவ்வளவுதான். இங்கோ ஆண்டின் கடுங்குளிரே அந்த மாதத்தில்தான். பாதரசம் 4, 5 டிகிரிக்கு இறங்கும் இரவுகள் உண்டு. மொட்டை மாடித் தொட்டியில் இரவெல்லாம் கிடந்த தண்ணீர் காலையில் குழாய் வழியே வரும்போது கையில் ஊசி குத்துவதுபோல் இருக்கும்.

அந்தத் தண்ணீரில் அரிசி களைந்து, உளுந்து கழுவி, பாத்திரம் தேய்த்துவிட்டு வருகிறவர்களில் சிலருக்கு ஒன்று நேர்கிறது. இரண்டு மூன்று விரல்கள் நுனியிலிருந்து பாதி வரை ரத்தமே இல்லாததுபோல் வெளுத்துவிடுகின்றன. கிள்ளினாலும் தெரிவதில்லை. பத்து இருபது நிமிடத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. "குளிர்தானே, மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

குளிரில் விரல் சில்லிட்டு விறைப்பது எல்லோருக்கும் உண்டு. கோடு கிழித்தாற்போல் வெளுப்பது எல்லோருக்கும் இல்லை. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். சிவில் டிப்ளமா படித்துவிட்டு வடக்கு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கோளாறை என் வீட்டிலும் பார்த்தேன், அடுத்த வீட்டிலும் பார்த்தேன், தண்டவாளத்தின் மேலும் பார்த்தேன். மூன்றும் மூன்று விதம். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

இதற்கு ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயர். மாரிஸ் ரேனோ என்பவர் 1862-இல் தம் ஆய்வேட்டில் இதை விவரமாக எழுதினார். நம் டாக்டர்கள் 'ரேனாட்ஸ்' என்பார்கள். தமிழில் இதற்கென்று வழக்கில் ஒரு சொல் இல்லை. நம் ஊர் வெயிலில் இது அதிகம் கண்ணில் படாததால் இருக்கலாம். பெயர் இல்லாத நோயை டாக்டரிடம் சொல்லத் தெரியாமல் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

நடப்பது என்ன என்பதை என் பாஷையில் சொல்கிறேன். ஒற்றைப் பாதைப் பிரிவில் மெயில் வருகிறது என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் கூட்ஸ் வண்டியை லூப்பில் நிறுத்திவிடுவார். மெயில் போனதும் கூட்ஸை விடுவார். உடம்பும் அப்படித்தான். குளிர் வந்தால் இதயம், மூளை, ஈரல் ஆகியவற்றுக்குச் சூடு போய்ச் சேர வேண்டும் என்று விரல், காது, மூக்கு நுனிக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களை நரம்புகள் சுருக்கிவிடும். இது எல்லோருக்கும் நடப்பது. ரேனோ உள்ளவர்களுக்கு அந்த ஸ்டேஷன் மாஸ்டர் அளவுக்கு மீறி எச்சரிக்கையானவர். சிறு குளிருக்கே சிக்னலைச் சிவப்பாக்கிவிடுகிறார். மெயில் போன பிறகும் கூட்ஸை விட மறந்துபோகிறார். ஃப்ரிஜ்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தாலே போதும், சிலருக்கு விரல் வெளுத்துவிடும். பயமும் பதற்றமும்கூட இதைக் கிளப்பும். அதே நரம்புகள்தான் அங்கும் வேலை செய்கின்றன.

மூன்று நிறங்கள்

முதலில் வெள்ளை. குழாய் மூடிவிட்டது. பிறகு நீலம். உள்ளே தேங்கிய கொஞ்ச ரத்தமும் பிராண வாயுவை இழந்துவிட்டது. கடைசியில் சிவப்பு. குழாய் திறந்து ரத்தம் பாய்கிறது. அப்போது விரல் விண்விண் என்று தெறிக்கும், எரியும். மூன்றும் எல்லோருக்கும் வருவதில்லை. சிலருக்கு வெள்ளை மட்டும், சிலருக்கு வெள்ளையும் நீலமும். வெள்ளைதான் முக்கியமான அடையாளம். அது மெல்ல மங்கி மறையும் வெளுப்பு அல்ல. இந்தக் கணு வரை வெள்ளை, அதற்கு மேல் பழைய நிறம் என்று எல்லை தெளிவாகத் தெரியும்.

இங்கே நமக்கென்று ஒரு குறிப்பு. புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் கைகள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் விரலின் மேற்புறத்தில் அந்த வெள்ளை சாம்பல் பூத்தாற்போலவோ வெளிறிய மஞ்சளாகவோதான் தெரியும். நீலம் வெறும் கருமையாகத் தோன்றும். சிவப்பு கண்ணில் படாமலே போகலாம். ஆகவே கையைத் திருப்பி விரலின் உட்புறத்தையும் நகத்தின் அடிச்சதையையும் பாருங்கள். வெளிச்சத்தில் பாருங்கள். குளிர்காலத்து அடுப்படியில் குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் ஒன்றும் தெரியாது.

என் மனைவியின் தங்கை அம்பாசமுத்திரத்துக்காரி, தாமிரவருணித் தண்ணீரில் வளர்ந்தவள். கல்யாணமாகி 1994-இல் 22 வயதில் டில்லிக்கு வந்தாள். அந்த டிசம்பரில் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து, "அத்தான், விரல்ல கோலமாவு ஒட்டிக்கிட்டிருக்கு, எத்தனை தடவை கழுவினாலும் போக மாட்டேங்குது" என்றாள். கழுவக் கழுவ வெள்ளை ஏறியதே தவிர இறங்கவில்லை. கழுவியது குழாய்த் தண்ணீரில் அல்லவா! இரண்டு கையிலும் ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல். கட்டை விரலுக்கு ஒன்றுமில்லை.

பக்கத்து டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தசோகை என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார். ஊரிலிருந்து மாமியார் காத்துக் கறுப்பு என்று தாயத்து அனுப்பினார். மே மாதம் விடுமுறைக்குப் போனபோது நெல்லையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். நல்ல கத்திரி வெயில். விரல்கள் பூப்போல இருந்தன. "இந்தக் கைக்கு என்னம்மா குறை? புது இடம், மனசுல பயம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் மேல் தவறு சொல்ல முடியாது. குளிர்கால நோயை அக்கினி நட்சத்திரத்தில் கொண்டுபோய்க் காட்டினால் அவர் எதைப் பார்ப்பார்? வைத்தியத்தையெல்லாம் கோடை விடுமுறைக்கு ஊரில் வைத்துக்கொள்வது நம் எல்லோர் வழக்கமும்தான். இந்த ஒரு விஷயத்தில் அது உதவாது.

இப்படியே மூன்று குளிர்காலம் போயிற்று. தண்டவாளத்தில் ஒரு குறை தெரிந்தால் நாங்கள் தேதி, நேரம், கிலோமீட்டர், வெப்பநிலை எல்லாம் குறித்து வைப்போம். அதே மாதிரி ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். என்ன வேலை செய்தபோது, எந்த விரல், எந்தக் கணு வரை, எத்தனை நிமிடம், என்னென்ன நிறம். வெளுத்திருக்கும்போது ஃபிலிம் கேமராவில் இரண்டு படமும் எடுத்தோம். 1997 பிப்ரவரியில் அந்த நோட்டையும் படங்களையும் இங்கேயே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனாள். படத்தை ஒரு நிமிடம் பார்த்தார், பெயரைச் சொல்லிவிட்டார். இன்று எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. ஃபிலிம் கழுவக் கொடுக்க வேண்டிய வேலையும் இல்லை.

இதுவா, வேறா?

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடியவை சில உண்டு. குளிர்காலத்தில் கால் விரலும் கை விரலும் சிவந்து வீங்கி, இரவில் கம்பளிக்குள் போனதும் தாங்க முடியாமல் அரிக்குமே, அது குளிர்க்கொப்புளம். நாள்கணக்கில், வாரக்கணக்கில் இருக்கும். ரேனோ நிமிடக் கணக்கு, மிஞ்சினால் மணிக்கணக்கு. ரத்தசோகையில் உள்ளங்கை, நாக்கு, இமை எல்லாமே எப்போதும் வெளிறியிருக்கும். ஒரு கணுவோடு நிற்காது. கட்டை விரலிலிருந்து மோதிர விரலின் பாதி வரை மரத்து, நடு இரவில் எழுப்பிக் கையை உதற வைப்பது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வருவது. அதில் நிறம் மாறாது. சர்க்கரை நோயில் வரும் மதமதப்பு பெரும்பாலும் பாதத்தில்தான் தொடங்கும். அதிலும் வெள்ளைக் கோடு இல்லை.

பெயர் தெரிந்ததோடு காரியம் முடியவில்லை. ரேனோவில் இரண்டு வகை. ஒன்று தனியாக வருவது. பின்னால் வேறு நோய் எதுவும் இல்லை; குழாய்களின் சுபாவமே அப்படி. பெரும்பாலானவர்களுக்கு இதுதான். பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள், பெண்களுக்கு அதிகமாக, இரண்டு கையிலும் ஒரே மாதிரி, புண் ஆகாமல் வரும். அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்திருக்கும். என் மைத்துனிக்கு இருப்பது இந்த வகை. ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருந்தது. மருந்தே வேண்டாம், குளிரில் ஜாக்கிரதையாக இருங்கள் என்றார்கள். இப்போது அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் விரல் வெளுக்கிறது. ஒரு நகம்கூடக் கெடவில்லை.

இரண்டாவது வகை, வேறொரு நோயின் முன்னறிவிப்பு. எங்கள் ரயில்வே காலனியில் அடுத்த பிளாக்கில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர் இருந்தார். 44 வயது வரை இருபது டில்லிக் குளிரை ஒரு தொல்லையும் இல்லாமல் கடந்தவர். 2009-இல் திடீரென்று விரல்கள் வெளுக்கத் தொடங்கின. அதுவும் ஒரு கையில் அதிகமாக, வலியோடு. சில மாதங்களில் விரல்கள் உப்பிக்கொண்டன. கல்யாண மோதிரம் கழலாமல் பத்தரிடம் போய் வெட்டி எடுத்தார்கள். சாப்பிட்டால் நெஞ்செரிச்சல். ஆள்காட்டி விரல் நுனியில் தையல் ஊசி குத்திய சிறு காயம் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. சர்க்கரையாக இருக்கும் என்று சொல்லி அரிசியை நிறுத்திவிட்டார்கள்; சர்க்கரை அளவோ சரியாகவே இருந்தது. கடைசியில் ருமட்டாலஜிஸ்ட் ஒருவர் ஸ்க்ளீரோடெர்மா என்று கண்டுபிடித்தார். தோலும் உள்ளுறுப்புகளும் மெல்ல இறுகிக்கொண்டு போகும் நோய் அது. அந்த விரலின் நுனியை இழக்க வேண்டியதாயிற்று. நுரையீரலில் தொடங்கியிருந்த பாதிப்பை நேரத்தோடு பார்த்து மருந்து கொடுத்ததால் இன்றும் நடமாடுகிறார்.

ஸ்க்ளீரோடெர்மா வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ரேனோ இருக்கும். பலருக்கு மற்ற அறிகுறிகளுக்குச் சில ஆண்டுகள் முன்பே அது வந்துவிடும். லூபஸ் போன்ற வேறு சில நோய்களிலும் இது உண்டு. அதற்காக விரல் வெளுத்தவர்கள் எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. முப்பது முப்பத்தைந்து வயதுக்கு மேல் புதிதாக வந்தாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ, கட்டை விரலும் வெளுத்தாலோ, விரல் நுனியில் புண் அல்லது குழி விழுந்தாலோ, தோல் இறுகி மோதிரம் பிடித்தாலோ தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். மூட்டு வலி, வாயில் திரும்பத் திரும்பப் புண், மூக்கின் இருபுறமும் கன்னத்தில் சிவப்புத் தடிப்பு, விழுங்கச் சிரமம், மாடி ஏறினால் முன்பில்லாத மூச்சிரைப்பு ஆகியவை கூட இருந்தாலும் அப்படியே.

ருமட்டாலஜிஸ்ட் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நகம் தோலோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, உருப்பெருக்கும் கருவியால் பார்க்கிறார். அங்குள்ள மயிரிழை போன்ற ரத்தக் குழாய்கள் கொண்டை ஊசிகளை அடுக்கியதுபோல் வரிசையாக இருந்தால் நல்லது. சில உப்பியும் சில காணாமலும் போயிருந்தால் பின்னால் நோய் இருக்கக்கூடும். தண்டவாளத்தில் விரிசல் வெளியே தெரிவதற்கு முன் அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்டுபிடிப்போம். இதுவும் அதே காரியம்தான். கத்தியில்லை, வலியில்லை. கூடவே ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

கருவி பிடித்த கைகள்

மூன்றாவதாக நான் பார்த்தது அம்பாலாப் பக்கம். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லியை இறுக்குவதற்குப் பெரிய இயந்திரங்கள் உண்டு. பாயிண்ட்டுகள் உள்ள இடங்களில் கையில் பிடித்து இயக்கும் அதிர்வுக் கருவிகளை உபயோகிப்பதும் உண்டு. பற்றவைத்த மூட்டுகளைச் சமன் செய்ய கிரைண்டர் வேறு. இந்தக் கருவிகளை ஆண்டுக்கணக்கில் பிடித்த ஒரு டிராக்மேன், ஒரு ஜனவரி காலையில் கையை நீட்டி, "சாப், உங்க்லியாம் மர் கயீ" என்றார். விரல்கள் செத்துவிட்டன என்று பொருள். நான்கு விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தன.

அதிர்வினால் விரல் வெளுப்பது புதிதல்ல. ரோமில் காற்றழுத்தக் கருவிகளை உபயோகித்த தொழிலாளர்களிடம் லோரிகா என்ற இத்தாலிய மருத்துவர் 1911-இல் இதைக் கண்டு எழுதினார். 1918 குளிர்காலத்தில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர் இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்னும் ஊரின் சுண்ணாம்புக்கல் பட்டறைகளுக்குப் போனார். காற்றுச் சுத்தியலால் கல் செதுக்குகிறவர்களுக்குக் குளிர்ந்த காலைப்பொழுதுகளில் விரல்கள் வெளுப்பதையும், உளியை இறுகப் பிடிக்கும் இடது கையே அதிகம் பாதிக்கப்படுவதையும் குறித்து வைத்தார். அதற்கு மறு ஆண்டு ஹார்வர்டில் ஆசிரியர் பொறுப்பேற்ற முதல் பெண் அவர்தான்.

இந்த வகையில் முதலில் வருவது மதமதப்பும் சுருக்சுருக்கென்ற குத்தலும்தான். வேலை முடிந்து கருவியைக் கீழே வைத்த பிறகும் அது நீடித்தால் எச்சரிக்கை. வெளுப்பு பின்னால் வரும். முதலில் நுனி, ஆண்டுகள் செல்லச் செல்ல அடுத்தடுத்த கணு. அந்த டிராக்மேனை மருத்துவர் சொன்னபடி கருவி பிடிக்கும் வேலையிலிருந்து மாற்றினோம். வெளுப்பது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை. சட்டைப் பொத்தான் போட மனைவியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று பின்னொரு நாள் சொன்னார். உணர்வு ஒரு முறை போய்விட்டால் முழுதும் திரும்புவது அரிது. நம்மவர்களில் பட்டறை, கட்டடம், கல் வேலை என்று டிரில்லும் கிரைண்டரும் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவு மேஸ்திரியிடம் கணக்குப் பார்க்கும்போது விரல்கள் எப்படி இருக்கின்றன என்றும் அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீடி பற்றி ஒரு வார்த்தை. புகையிலை இந்தச் சிறு குழாய்களை இன்னும் சுருக்கும். அது தவிர, இளவயது ஆண்களில் பீடி, சிகரெட் விடாதவர்களுக்கு பர்கர் நோய் என்று ஒன்று உண்டு. குழாய்களே அடைத்துக்கொண்டு, நடந்தால் பாதம் வலித்து, பிறகு விரல் கறுத்து, எடுத்துவிடும்படி ஆகும். நம் நாட்டில் அது அரிதல்ல. அதற்கு முதல் மருந்து புகையிலையை அடியோடு நிறுத்துவது. பாதி நிறுத்தினால் பலனில்லை.

மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரொப்ரனலால் போன்றவை, ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் எர்காட்டமின், மூக்கடைப்புக்குக் கடையில் நாமாகவே வாங்கும் சில ஜலதோஷ மாத்திரைகள் எல்லாம் விரல் வெளுப்பைக் கூட்டக்கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் சீட்டை அப்படியே காட்டுங்கள். விரல் வெளுப்பதற்கென்றே குழாய்களைத் தளர்த்தும் நிபிடிபின், அம்லோடிபின் போன்ற மருந்துகள் உண்டு. அவை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார்.

வெளுத்த விரலை நெருப்பில் காட்டுவதும் கொதிக்கும் தண்ணீரில் விடுவதும் கூடாது. உணர்வில்லாத விரல் சுட்டுக்கொண்டதுகூடத் தெரியாது. காலனியில் அங்கீட்டிக் கரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து விரலில் கொப்புளம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அல்லது கையை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், தோளிலிருந்து ராட்டினம் போலச் சுழற்றலாம். தைலத்தை அழுத்தித் தேய்ப்பதால் பலனில்லை. கையுறையை விரல் சில்லிட்ட பிறகு போடுவதைவிட வெளியே போகுமுன் போடுவதுதான் உதவும். வெறும் கையுறையும் போதாது. தலைக்குக் குல்லாயும் மார்புக்கு உள்பனியனும் வேண்டும். உடம்பு சூடாக இருந்தால்தான் ஸ்டேஷன் மாஸ்டர் கூட்ஸை விடுவார். என் மைத்துனி ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் உளுந்து களைகிறாள். கோலம் வெயில் வந்த பிறகு எட்டு மணிக்கு. மாமியார் முதலில் முகம் சுளித்தார். ஒரு ஜனவரி இங்கே இருந்து பார்த்துவிட்டு, பிறகு அவரே கம்பளிக் கையுறை பின்னிக் கொடுத்தார்.

ஒரு விரல் மட்டும் நீலமாகவோ கறுப்பாகவோ மாறி, சூடுபடுத்தியும் மணிக்கணக்கில் திரும்பாமல், வலி தாங்க முடியாமல் இருந்தால் அன்றே, அந்த நேரமே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மற்றவர்கள் இந்த டிசம்பரிலேயே ஒரு நோட்டைத் தொடங்கி, வெளுத்திருக்கும்போது விரலின் உட்புறத்தையும் மேற்புறத்தையும் வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்து, ஜனவரிக்குள் இங்கேயே ஒரு மருத்துவரைப் பார்த்துவிடலாம். ஊர் டாக்டரிடம்தான் நம்பிக்கை என்பவர்கள் மே மாதம் ரயில் ஏறும்போது நோட்டையும் படங்களையும் மறக்காமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.